3.6 டெராபைட்டின் பாகப்பிரிவினை: புதுச்சேரிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 740 டிஎம்சி நீரில் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள். காரைக்காலின் பொருட்டுப் புதுச்சேரிக்குக் கிடைத்தது 7. நீருக்கு நடுவர் மன்றம் இருக்கிறது, நிலத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. வீட்டு நாஸ் பெட்டியில் யாருக்கு எத்தனை ஜிபி என்று தீர்த்துவைக்கத்தான் நாதியில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைப் போக்க இக்கட்டுரை முயல்கிறது.

நாஸ் என்பது ரௌட்டரோடு கேபிளில் இணைந்து, வீட்டிலுள்ள கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் பொதுவாக இருக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டி. ஆய்வுக்களமான முத்தியால்பேட்டைக் கூட்டுக் குடும்பத்தில் அது டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கிறது. உள்ளே 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு. 8 கிடைக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். ரெய்டு 1 முறையில் ஒன்றின் நகலே மற்றொன்று என்பதால் 4 ஆனது. பெட்டியைத் திறந்தால் 3.6 சொச்சம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், பெட்டி 1,024ஆல் பெருக்குகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்; யாரும் எதையும் எடுக்கவில்லை. மூத்த மருமகள் மட்டும் இதை இன்றுவரை நம்பவில்லை.

பங்காளிகள்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர், ஊர்வழக்கில் சொல்தா, அவருடைய இரண்டு மகன்கள், ஒரு மகள், கல்யாண வீடியோ எடுக்கும் பேரன், பிறந்து நான்கு மாதமான கொள்ளுப்பேத்தி. பெட்டியைப் பாகம் பிரிக்கலாமா என்று கேட்டபோது பெரியவர், "நான் கண்ண மூடினப்புறம் பிரிச்சிக்குங்கடா" என்றார். ஆய்வு நெறிப்படி இக்கருத்து பதிவு செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை.

மூத்த மகன் முன்வைத்தது வாய்க்கால் முறை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாக வெள்ளையர், மேற்கே தமிழர். அதேபோல் பெட்டியையும் தனித்தனி வால்யூமாக வெட்டிவிட்டால் அவரவர் வாசல், அவரவர் பூட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரன் பக்கம் நிரம்பி வழியும்போது அத்தை பக்கம் காலியாகக் கிடக்கும், ஒரு ஜிபிகூட வாய்க்காலைத் தாண்டாது. போட்ட வால்யூமைப் பின்னால் பெரிதாக்க வீட்டுப் பெட்டிகள் இடம் தரும். சுருக்கச் சொன்னால் பெரும்பாலானவை கைவிரித்துவிடும். எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி, அழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954இல் போனது, வாய்க்கால் போட்ட இடத்திலேயேதான் இருக்கிறது.

சட்டப்படி பிரிக்கலாம் என்றால், எந்தச் சட்டம்? 1881 அரசாணையின்படி தம் சமூக வழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போனவர்களின் வழியினர் இவ்வூரில் இன்றும் உண்டு. அச்சட்டத்தில் தகப்பனே நினைத்தாலும் பிள்ளைகளை வெறுங்கையோடு விட முடியாது. மூன்று பிள்ளைகள் என்றால் கால் பங்கைத்தான் இஷ்டப்பட்டவருக்கு எழுதலாம். 3.6 டெராபைட்டை வசதிக்காக 3,600 ஜிபி என்று கொண்டு பொருத்தினால் பிள்ளைகளுக்குத் தலா 900, பெரியவர் விருப்பத்துக்கு 900. கணக்கு அழகு. அந்த விருப்பப் பங்கு முழுவதும் பேரனுக்கே போனாலும் ஒரு வைகாசி மாதத்து முகூர்த்தங்களைத் தாங்காது. இந்துச் சட்டத்தின் மிதாட்சர மரபோ பிறந்தபோதே பங்கு என்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பெண் குழந்தைக்கும் அப்படியே. எனக்கு நடைமுறை அறிந்த சட்டமாகத் தெரிவது இதுதான். கொள்ளுப்பேத்தி முதன்முதலாகக் குப்புற விழுந்ததை வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கோணத்தில் எடுத்து, ஒன்றையும் அழிக்காமல் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

இனி சட்டப்பேரவை. மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 30; புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. பேரனைப் புதுச்சேரி என்றும் குழந்தையைக் காரைக்கால் என்றும் கொண்டால் 2,760உம் 600உம் போய்விடும். மற்ற அனைவரும் 240க்குள் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இதே ஆட்சிப்பகுதி மக்களவைக்கு அனுப்புவது ஒரே உறுப்பினரை. கேரளக் கரையில் ஒரு துண்டு, ஆந்திரக் கரையில் ஒரு துண்டு, தமிழ்நாட்டுக்குள் இரண்டு. அதிலும் புதுச்சேரிப் பகுதி ஒரே நிலமாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. இருந்தும் வால்யூம் ஒன்றே. ஆய்வாளனுக்கு வேண்டிய விடை இதில் கிடைத்துவிட்டது. பெட்டியை வெட்டவே கூடாது. ஒரே வால்யூம் வைத்து, ஆளுக்கொரு ஃபோல்டர் கொடுத்து, ஃபோல்டருக்குக் கோட்டா வைக்க வேண்டும். கோட்டாவை எந்த நாளும் கூட்டலாம், குறைக்கலாம். கோபித்துக்கொள்பவர்கள் மனிதர்கள் மட்டுமே.

அந்தக் கோட்டாவையும் முழுதாகப் பங்கிட்டுவிடக் கூடாது. நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென்று 4 டிஎம்சியும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கூட்டியது. ஆனால் கடலின் பங்கில் கைவைக்கவில்லை. பெட்டிக்கும் இப்படி ஒரு கடல் இருக்கிறது: அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின், பழைய நிலையைக் காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட். ஐந்தில் ஒரு பங்கை யாருக்கும் எழுதாமல் விடுவது நல்லது.

இன்னொன்று. ரெய்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும்: ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும், வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மிதக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு இதற்குப் பொருந்திய உயரமல்ல. நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். காரைக்காலும் ஏனாமும் இதே வங்கக் கடலைச் சார்ந்தவை, ஆகவே நிராகரிக்கப்படுகின்றன. அரபிக் கடலோரம் இருப்பது 9 சதுர கிலோமீட்டர் மாஹே மட்டுமே. அங்கே உறவினர் உள்ள வாசகர்கள், மாடியில் ஓர் அலமாரித் தட்டும் விடாமல் வேலைசெய்யும் இணைய இணைப்பும் தந்து உதவினால் ஆய்வின் இரண்டாம் பகுதியை உடனே தொடங்கிவிடலாம். மின்கட்டணத்தை மூத்த மகன் ஏற்றுக்கொள்வார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.