சுத்துது சார்

ஜமுனாமரத்தூரில் நேற்று அரைக் கிலோ துவரம்பருப்பும் ஒரு சோப்பும் வாங்கினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பணம் என்றதும் கடைக்காரர் மோவாயால் சுவரைக் காட்டினார். சுவரில் கியூஆர் அட்டை.

அதற்கப்புறம் கல்லா உத்தியோகம் என்னுடையது. ஸ்கேன் செய்வதும் நான், தொகை அடிப்பதும் நான், டவர் தேடி வாசற்படிக்கு ஓடுவதும் நான். சம்பளம் மட்டும் கிடையாது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "போச்சா சார்?" "சுத்துது." "சுத்தட்டும் சார், அவசரமில்ல." அவருக்கென்ன, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்!

ஜமுனாமரத்தூர் இருக்கும் இதே மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் உண்டென்று 1977-ல் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியே வந்துவிட்டது. ஒளியாண்டுகள் தாண்டி நட்சத்திர வெளிச்சம் இந்த மலைக்கு வந்து சேர்கிறது. என் 110 ரூபாய் ஒரு மேசையைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

இப்படிக் கடைக்காரர் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டிய புண்ணியவான் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸில் பிக்லி விக்லி கடை திறந்து, கூடையைக் கையில் கொடுத்து 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டார். 1986-ல் அட்லாண்டா பக்கத்துக் கடையொன்றில் பில் போடும் வேலையும் நம் தலையில் விழுந்தது. இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023-ல் தன் பெரும்பாலான கடைகளில் வாடிக்கையாளரே பில் போடும் எந்திரங்களைத் தூக்கிவிட்டு ஆட்களையே உட்காரவைத்தது. அது ஏன் சரி என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உண்டு. அதற்குமுன், பணம் வந்ததும் குரல் கொடுக்கும் எங்கள் கடைக்காரரின் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவழியாக என் போனில் பச்சை டிக் வந்தது. காட்டினேன். கடைக்காரர் பார்க்கவே இல்லை. "பெட்டி பேசலையே சார்." என் அப்பாவுக்கு நோட்டில் எழுதிக் கடன் கொடுத்த கடை! அவர் வாய்ச்சொல் போதும் அப்போது. எனக்கு உள்ளங்கை அகலப் பெட்டி சாட்சி சொல்ல வேண்டுமாம். நான், கடைக்காரர், பின்னால் எண்ணெய்ப் பாக்கெட்டோடு நின்றவர், எல்லோரும் பெட்டியையே பார்த்தோம். பெட்டி செருமியது. பேசியது. "இருபது ரூபாய் பெறப்பட்டது." அது எனக்குமுன் பீடி வாங்கிப் போனவருடையது. அவர் இந்நேரம் வீட்டில் பாதி பீடி குடித்திருப்பார். மறுபடி காத்திருந்தோம். இதற்கிடையே ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, வெல்லம் வாங்கி, மீதியை எண்ணி, குறைந்த ஒரு ரூபாய்க்கு மிட்டாயும் வாங்கிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார். 'படிச்சவன்' என்று முணுமுணுத்ததாகவும் ஞாபகம். என் பணம் சேர்ந்ததைப் பெட்டி சொன்னபோது கரண்ட் போய்விட்டது. 'நூற்றி' மட்டும் கேட்டது.

"நூத்தி எவ்வளவுன்னு தெரியலையே சார்" என்றார் கடைக்காரர்.

மூன்று காரணங்களுக்கு இனி இடமில்லை. சாமை அரிசியும் தேனும் வாங்க இந்தப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து பத்து ரூபாய் நோட்டாகக் கொண்டுவாருங்கள். நாணயம் வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. எங்கள் கடைக்காரர் இன்னும் வாங்குவதில்லை.