92ஓ, 95ஓ? தீவகத்துப் பெற்றோல் பற்றிய முன்னாய்வுக்கு ஒரு முன்னுரை

யாழ்ப்பாணத் தீவகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. உலகத் தமிழாராய்ச்சிக்கு மன்றம் கண்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்தது ஊர்காவற்றுறைக் கரம்பனில். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதானா என்று அறிஞர்கள் எழுதித் தீர்த்த மையை எரிபொருளாக்கியிருந்தால் நெடுந்தீவுக்கான நெடுந்தாரகைப் படகு ஒரு மாரி முழுக்க ஓடியிருக்கும். அப்படிப்பட்ட மண்ணில், மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒக்டேன் பெற்றோல் அடிப்பது என்பதை எவரும் ஆராயாதது பெரும் வெற்றிடம். (வெற்றிடம் ஒன்றைக் காட்டாத ஆய்வில் மேற்பார்வையாளர் கையொப்பம் வைப்பதில்லை. வெற்றிடம் இல்லாவிட்டால் தோண்டிக்கொள்ளலாம்.)

முதலில் சொல்லாராய்ச்சி. எட்டுக் காபன் அணு கொண்ட பொருள் ஆதலால் இலத்தீன் வழியாக 'ஒக்டேன்' எனப் பெயர் வந்தது என்பர் இரசாயனவியலார். எமது துணிபு வேறு. 2022 ஜூன் கடைசியில் 92 ரகம் லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ரகம் 550 ரூபாவுக்கும் ஏறின. பெற்றோல் செட்டில் விலையைப் பார்த்த வேலணைவாசி ஒருவர், "இதுக்கு நான் எட்டேன்" என்றார். எட்டேன், எக்டேன், ஒக்டேன். சொல் 2022க்கு முன்பே வழக்கில் இருந்ததே எனில், அது வெறும் காலவரிசைச் சிக்கல். இதைவிட மெலிந்த நூலில் கலாநிதிப் பட்டங்கள் தொங்குகின்றன; முதலில் அவற்றை அவிழ்த்துவிட்டு எம்மிடம் வரலாம்.

இனிக் கோட்பாடு. சிலிண்டருக்குள் பிளக்கின் நெருப்பு வந்து சேருமுன், மூலையில் நின்ற கலவை அமுக்கம் தாங்காமல் தன்பாட்டில் வெடித்தால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். அந்த அவசரத்தை அடக்கும் பொறுமையின் அளவே ஒக்டேன் எண். ஐசோ-ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. இதை அளக்கும் எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர். ஓடும்போதே அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று. ஊர் ஓட்டோ சும்மா நிற்கும்போதே அதைவிட விரைவாகச் சுற்றும். ஆக, 95 என்பது சக்தி கூடின பெற்றோல் அல்ல, பொறுமை கூடினது. 92 போதுமென்று கைநூல் சொல்லும் எஞ்சினுக்கு 95 ஊற்றுவது மீனுக்கு மிதவை கட்டுவது போல.

தீவகத்து எஞ்சின்களை ஐந்தாக வகுத்தோம். டீசல் படகு: இதற்கு ஒக்டேன் இல்லை, சீட்டேன் உண்டு, விடுக. புது மோட்டார் சைக்கிள்: 92. கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெய் அவுட்போட்: பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, மண்ணெண்ணெய் லீற்றர் விலை 2022 ஆகஸ்ட்டில் 87 ரூபாவிலிருந்து 340க்குத் தாவியபோது தட்டியது எஞ்சின் அல்ல, தொழிலாளியின் நெஞ்சு. நெடுந்தீவுக் குதிரை: சரியாக ஒரு குதிரைவலு, எரிபொருள் புல், தட்டும் ஒலி கேட்கும், ஆனால் அது குளம்பு.

ஐந்தாவது வகைக்காகவே இந்த ஆய்வு: மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ் மைனர் கார். 1990இல் போரால் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது. அதே ஆண்டு தீவகத்தை விட்டு அங்கே இடம்பெயர்ந்த சனமும் மண்ணெண்ணெய் வித்தை பழகியது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் 20ஐச் சுற்றித்தான் நிற்கும். பாடநூற்படி அந்த மொறிஸ் மைனர் நகர்ந்திருக்கக்கூடாது. நகர்ந்தது (கராஜ் வாங்கில் இருந்த ஐயா, நேரில்). பழைய எஞ்சினுக்கு அமுக்கம் குறைவு, அதனால் பொறுத்துக்கொண்டது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதற்குத்தான் சூப்பி: சின்னப் போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு, கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது. பின்னால் வருபவருக்குப் புகை. எரியாத மிச்சம் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும் (அதே ஐயா, தேத்தண்ணிக்குப் பின், திருத்திய இரண்டாம் பதிப்பு).

சூப்பியில் எவ்வளவு விடுவது என்பதில் இரு மரபுகள் உள. துளிக் கணக்கு என்பது புங்குடுதீவு மரபு. மூடிக் கணக்கு என்பது ஊர்காவற்றுறை மரபு; இவர்கள் முன்னவரைக் கஞ்சர் என்பர். ஒரு மூடியில் எத்தனை துளி என்று கேட்டால் இரு மரபும் ஒன்றுசேர்ந்து ஆய்வாளனை ஏசும் (ஐயாவின் மைத்துனர், குறிகாட்டுவான் இறங்குதுறை, எதிர்க்காற்று, பாதிதான் காதில் விழுந்தது, ஒப்புநோக்குக: மைத்துனரின் மனைவி, 'இந்தாள் சொல்லுறதை எழுதாதேங்கோ', கலியாண நாள் முதல் இன்றுவரை, தொடர் வெளியீடு, எல்லாத் தொகுதிகளும்). அமுக்க விகிதம், ஒக்டேன், சூடு மூன்றையும் கைநூல் இல்லாமல் காதாலேயே அளந்த அந்த மெக்கானிக்குகளில் ஒருவரையும் எந்த மாநாட்டிலும் மேடையேற்றியதாய் எமக்குத் தெரியாது. அவர்களைப் பற்றிக் கட்டுரை படித்தவர்களுக்குப் பொன்னாடை கிடைத்தது.

கடைசியாகக் கள ஆய்வு. நெடுந்தீவில் இறங்கி, வாடகை மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றுபோக, ஒரு கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். படங்குக்குக் கீழே போத்தல்கள். குறிப்பேட்டை விரித்தேன்.

"தம்பி, இது 92ஓ, 95ஓ?"

பெடியன் போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"இது காலமை போட்டில வந்தது அண்ணை."