டெட்பூல் மெய்ப்பாட்டியல்

நகைச்சுவைப் படத்தில் ரசிகன் எந்த இடத்தில் சிரிக்கிறான் என்பது மிக எளிய கேள்வி. எளிய கேள்விகளைத் தொட்டால் பேராசிரியர் பதவிக்கு இழுக்கு என்பதாலோ என்னவோ, அறிஞர் பெருமக்கள் இதைத் தள்ளியே வைத்திருக்கிறார்கள். இக்குறை களையும் பொருட்டு, 2024 ஜூலை 26 அன்று வெளியான ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ படத்தைக் கண்ட அமெரிக்க ரசிகர்களிடம் தோன்றிய கூச்சல், கண்ணீர், விம்மல் முதலானவற்றைத் தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளின் வழி ஆராயப் புகுகிறேன். தொல்காப்பியர் மார்வெல் படங்களைப் பார்த்ததற்குச் சான்றில்லை. பார்த்திருந்தாலும் பட்டியலில் பெரிதாக எதையும் மாற்றியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

படம் அறியாதாருக்கு ஒரு சொல். வாயை மூடத் தெரியாத ஒருவனும் வாயைத் திறக்க விரும்பாத ஒருவனும் சேர்ந்து உலகைக் காப்பாற்றுவது கதை. முன்னவன் டெட்பூல். சிவப்பு உடை, இரண்டு வாள், எத்தனை முறை வெட்டினாலும் கூடிக்கொள்ளும் உடம்பு, திரையைத் தாண்டி நம்மிடமே பேசும் கெட்ட பழக்கம். நடித்தவர் ரையன் ரெனால்ட்ஸ். பின்னவன் வுல்வரின். விரலிடுக்கில் உலோக நகம், முகத்தில் நிரந்தரக் கோபம். நடித்தவர் ஹியூ ஜாக்மன். இயக்கம் ஷான் லெவி. உலக வசூல் ஏறத்தாழ 134 கோடி டாலர். பெரியவர் துணையில்லாமல் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் நுழையக் கூடாத ‘ஆர்’ வகைப் படங்களில், 2019ஆம் ஆண்டின் ‘ஜோக்கர்’ வைத்திருந்த முதலிடத்தை இது பறித்துக்கொண்டது. இத்தனை பேர் பணம் கொடுத்துக் கத்தியிருக்கிறார்கள், ஆராயாமல் விடலாமா?

ஆய்வு முறை எளிது. எல்லாரும் திரையைப் பார்க்கும்போது ஆய்வாளன் பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். இருட்டு ஓர் இடையூறுதான். ஆயினும் இப்படத்துக்கென்றே வாய் பிளந்த வுல்வரின் தலையாகச் செய்து விற்ற பாப்கார்ன் வாளியை மடியில் வைத்திருப்பவன் ரசிகன் என்றும், அந்த வாய்க்குள் கைவிடத் தயங்குபவர் அவனால் அழைத்து வரப்பட்டவர் என்றும் இருட்டிலேயே இனம் பிரித்துவிடலாம்.

இனி என் கருத்து. இது நகைச்சுவைப் படம், எனவே இதில் நகையே தலையாய மெய்ப்பாடு என்பார் உளர். அற்றன்று. இப்படத்தில் தலையாயது பெருமிதம். அதுவும் வீரத்தால் வரும் பெருமிதம் இல்லை. பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களில் கல்வியையும் வைத்தார் தொல்காப்பியர். ‘யார் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்ற கல்விதான் இப்படத்தைத் தூக்கி நிறுத்தியது.

இதைத் தெளிவாகக் காட்டுவது கூற்று முறை. அகப்பாட்டில் தலைவன் கூற்று, தோழி கூற்று என்று வருவதைப்போல இங்கே இரண்டே கூற்றுகள்: அறிந்தோன் கூற்று, உடன்வந்தோர் கூற்று. திரையில் ஒருவர் முக்காடு விலக்கி நிற்கிறார், அரங்கு அலறுகிறது. உடன்வந்தோர், “யாருங்க இது?” அறிந்தோன் வாய் திறக்கும்முன் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். மறுபடி அலறல், மறுபடி “யாருங்க?” இப்படியே விடைகள் சேர்ந்து சேர்ந்து, படம் முடிந்து கார் நிறுத்துமிடம் வரும்வரை அறிந்தோனின் வயிற்றில் கனக்கின்றன. அங்கே அவன் அவிழ்த்துவிடும் சொற்பொழிவு படத்தைவிட நீளமானது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

சான்று காட்டாமல் போனால் கட்டுரை கட்டுரையாகாது. சானிங் டேட்டம் என்ற நடிகர் கேம்பிட் என்னும் சீட்டுக்கட்டு வீசும் நாயகனாக நடிப்பதாகப் பல ஆண்டு பேச்சு நடந்து, ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னி கைக்குப் போன 2019இல் அந்தப் படம் கைவிடப்பட்டது. அதாவது அப்படி ஒரு படம் உலகில் இல்லை. அந்த இல்லாத படத்தின் நாயகன், என்ன பேசுகிறார் என்று கூடவரும் பாத்திரங்களுக்கே புரியாத லூசியானா வழக்கில் பேசிக்கொண்டு இங்கே வந்து நின்றபோது அரங்குகள் அதிர்ந்தன. எடுத்த படத்தை நினைத்துக் கைதட்டுவது இயல்பு. எடுக்காத படத்தை நினைத்துக் கைதட்ட ஆழ்ந்த கல்வி வேண்டும்.

வெஸ்லி ஸ்னைப்ஸ் வரும் இடம் இதற்கும் ஒரு படி மேல். 1998இல் பிளேடு என்னும் இரத்தக் காட்டேரி வேட்டைக்காரனாக வந்தவர் அவர். 2019இல் அதே வேடத்துக்கு மகெர்ஷலா அலியை அறிவித்தது மார்வெல். படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இந்நிலையில் ஸ்னைப்ஸ் தோன்றி, பிளேடு என்றால் ஒருவன்தான், இனியும் ஒருவன்தான் என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறார். டெட்பூல் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு விழுந்த ஆரவாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய படமும், ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டுத் தயாரிப்புத் தடுமாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். பரிமேலழகர் உரையில்லாமல் குறளைப் படிக்கலாம். உடனொருவர் இல்லாமல் இந்தப் பார்வையைப் படிக்க முடியாது.

ஆனாலும் என் வியப்பெல்லாம் கிறிஸ் எவன்ஸ் காட்சியில்தான். 2011 முதல் 2019 வரை கேப்டன் அமெரிக்காவாக இருந்தவர் அவர். மணல்வெளியில் முகத்துணியை விலக்குகிறார். டெட்பூல் மெய்சிலிர்க்கிறான், அரங்கும் சிலிர்க்கிறது. எல்லாரும் பழைய போர்முழக்கத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவரோ ‘பற்றி எரி’ என்ற பொருளில் ஒரு கூக்குரல் கொடுத்துத் தீப்பிடிக்கிறார். அவர் கேப்டனே இல்லை. 2005இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் அவரே நடித்த ஜானி ஸ்டார்ம்! முதற் கூச்சலைப் போட்டவர்கள் புதுத் தலைமுறை. ஒரு நொடி அமைதிக்குப்பின் அதைவிடப் பெரிதாக இரண்டாம் கூச்சலைப் போட்டவர்கள், அந்தப் பழைய படத்தைப் பார்த்ததை இருபது ஆண்டாக வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்கள். அவர்கள் கல்வி அன்றுதான் அரங்கேறியது.

அடுத்தது மருட்கை. புதுமை கண்டால் மருட்கை தோன்றும் என்பது நூல் வழக்கு. 1974இல் ஹல்க் காமிக்ஸில் அறிமுகமான நாள்முதல் வுல்வரினுக்கு உரியது மஞ்சள் உடை. 2000இல் முதல் ‘எக்ஸ்-மென்’ படம் எடுத்தவர்கள் அதைப் போடக் கூசி, கறுப்புத் தோலுடை மாட்டிவிட்டு, மஞ்சளைப் பற்றி ஒரு கேலியும் வைத்தார்கள். அதிலிருந்து 24 ஆண்டுகள் ஜாக்மன் மஞ்சள் அணியாமலே நகம் நீட்டினார். இப்படத்தில் உடையை அணிந்தார். படத்தின் பிற்பகுதியில், கூர்முனை வைத்த முகமூடியையும் இழுத்துத் தலையில் மாட்டினார். ஒரு மனிதர் தொப்பி போடும் செயலுக்கு இவ்வளவு ஆரவாரம் எழுந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. மருட்கைக்குப் பழமையையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம் என்பது என் பணிவான பரிந்துரை. ஐம்பது ஆண்டுப் பழையதைக் கண்டுதான் இவர்கள் வாய்பிளந்தார்கள்.

வெகுளிக்கு உறுப்பறையும் ஒரு காரணம் என்ற இடத்தில் தொல்காப்பியர் நம்மை அசரவைக்கிறார். 2009இல் வந்த வுல்வரின் முன்கதைப் படத்தில் இதே ரெனால்ட்ஸ் இதே பாத்திரத்தில் நடித்தார். கடைசியில் அவர் வாயைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். ஓயாமல் பேசுவதற்கென்றே படைக்கப்பட்டவனுக்கு வாயைத் தைப்பது உறுப்பறை அல்லாமல் வேறென்ன? அந்த வெகுளி ஆறவே இல்லை. 2014இல் டெட்பூல் படத்துக்காக எடுத்து மூலையில் போட்டிருந்த சோதனைக் காட்சி எப்படியோ கசிந்தது. ரசிகர்கள் போட்ட சத்தத்தில் நிறுவனம் படத்துக்கு ஒப்புதல் தந்தது. 2016இல் படம் வந்தது. ஒரு பாத்திரத்தின் வாய்த்தையலை ரசிகர்களே பிரித்த இந்நிகழ்ச்சி, கூச்சல் வீண் என்று கருதும் பெற்றோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

சுற்றத்தைப் பிறர் நலிவதும் வெகுளிக்குக் காரணம். டிஸ்னி 7,130 கோடி டாலருக்கு ஃபாக்ஸை வாங்கியபோது எக்ஸ்-மென் குடியே கைமாறியது. ஆனால் இங்கே ஒரு முரண். படத்தில் பாழ்நிலம் ஒன்று வருகிறது. அங்கே ஃபாக்ஸ் நிறுவனத்தின் பிரமாண்ட எழுத்துச் சின்னம் மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. வெகுள வேண்டியவர்கள் சிரித்தார்கள். எழுத்துகள் ஓடும் நேரத்தில் அந்நிறுவனத்தின் பழைய படங்களின் படப்பிடிப்புத் துணுக்குகளைக் காட்டியபோது அதே ஆட்கள் அழுதார்கள். இழவால் அழுகை பிறக்கும், சரி. ஆனால் இறந்தது யார்? ஒரு திரைப்பட நிறுவனத்தின் தனிக்கணக்கு! தாய்நிறுவனம் தான் விழுங்கிய நிறுவனத்துக்குத் தானே ஒப்பாரி வைத்து, அதற்கு டிக்கெட்டும் விற்று, வந்தவர்களை அழவைத்தும் அனுப்பியது. வணிகவியல் துறையினர் ஆராய வேண்டிய இடம், நான் விலகிக்கொள்கிறேன்.

உண்மையான இழவு ஒன்றும் உண்டு. 2017இல் ‘லோகன்’ படத்தில் வுல்வரினைக் கொன்று புதைத்து, எல்லாரும் நிறைவாக அழுது முடித்திருந்தார்கள். இப்படம் தொடங்கியதும் டெட்பூல் அந்தக் குழியைத் தோண்டி, எலும்புக்கூட்டை எடுத்து, அதன் எலும்புகளையே ஆயுதமாக்கிப் படைவீரர்களைக் குத்திக்கொண்டு ஆடுகிறான். பின்னணியில் 2000ஆம் ஆண்டு வந்த என்சிங்க் குழுவின் பாட்டு. ஜாக்மன் முதன்முதலில் நகம் நீட்டிய ஆண்டும் அதுவே. ஏழாண்டுத் துக்கம் பாட்டு முடிவதற்குள் கூத்தாக மாறிவிட்டது. பின்னர் சிவப்பு உடை மாட்டிக்கொண்டு அதே ஆட்டத்தை ஆடிப் படம்பிடித்த ரசிகர்கள் எண்ணிலடங்கார். உவகைக்கு விளையாட்டை ஒரு காரணமாகச் சொன்னது இதனால்தான் என்க.

இளிவரல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது மூப்பால் வரும். ஜாக்மனுக்கு அப்போது வயது 55. தொண்ணூறு வரை இவரை இப்படியே வேலை வாங்குவார்கள் என்று படமே கேலி செய்துவிட்டது. ஆனால் சட்டை கிழிந்து அவர் நின்ற காட்சியில் இளிவரல் அடைந்தவர்கள், தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்ட ரசிகர்களே.

இங்கே கண்ட அச்சம் இரு வகைப்பட்டது. ஒன்று கள்வரால் வருவது. கதையின் ரகசியத்தை முன்கூட்டியே திருடிச் சொல்லிவிடுவார்களோ என்று வெளியீட்டுக்கு முந்தைய நாள்களில் ரசிகர்கள் கைபேசியைப் பார்க்கவே நடுங்கினார்கள். பெண் டெட்பூலாக டெய்லர் ஸ்விஃப்ட் வருகிறார் என்று கள்வர் பரப்பிய செய்தி வேறு. வந்த குரல் பிளேக் லைவ்லியுடையது. களவுபோன பொருளே போலி! மற்றது தம் தலைவரால் வரும் அச்சம். ‘ஆர்’ விதிப்படி தந்தையின் துணையோடு உள்ளே வந்த பதினைந்து வயதுப் பையன், டெட்பூல் பச்சையாக ஒன்று சொன்னதும் சிரிப்பை விழுங்கி நேரே பார்க்கிறான். தந்தையும் நேரே பார்க்கிறார். இருவருக்கும் புரிந்தது இருவருக்கும் தெரியும். இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்துப் பையனை வாசலிலேயே நிறுத்தியதால் இந்த அரிய மெய்ப்பாட்டை நம் ஆய்வாளர்கள் இழந்தார்கள்.

அப்படியானால் யாருமே சிரிக்கவில்லையா என்று வினவலாம். சிரித்தார்கள். இருவரும் ஒரு ஹோண்டா ஒடிஸி காருக்குள் அடைந்து விடிய விடிய ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் காட்சிக்கும், அழகே இல்லாமையால் அழகான ஒரு நாய்க்கும் எல்லாரும் சிரித்தார்கள். உடன்வந்தோர் மனமாரச் சிரித்த இடங்கள் அவை, ஏனெனில் அங்கே தேர்வு எதுவும் இல்லை. ஹென்றி கேவில் ஒரு நிமிடம் வுல்வரினாக வந்தபோது நிலைமை வேறு. அவரை சூப்பர்மேன் வேடத்திலிருந்து போட்டி நிறுவனம் அனுப்பிவிட்டது தெரிந்தவன் சிரித்தான். தெரியாதவர் ‘நல்ல உயரமான பையன்’ என்று நினைத்துக்கொண்டார்.

பெருமிதமே தலையாயது என்பதற்குப் படத்தொகுப்பிலும் சான்றுண்டு. ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் அடுத்த வசனத்துக்குமுன் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். நாயகன் அறிமுகத்துக்கு விசில் அடங்கும்வரை வசனம் வைக்காத நம்மூர்ப் படத்தொகுப்பாளர்களுக்கு இது பாலபாடம். இப்படத்தின் தமிழ்ப் பதிப்பிலும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. நிரப்பும் வேலையில் நமக்கு முன்னனுபவம் அதிகம்.

இறுதியாக, படமே இல்லாமல் மெய்ப்பாடு மட்டும் நிகழுமா? நிகழ்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மார்வெல், ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்தின் நடிகர்களை அறிவிக்க, அவரவர் பெயர் எழுதிய நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாக நேரலையில் காட்டியது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அந்த நாற்காலி வரிசைக்கு உலகெங்கும் ரசிகர்கள் கூவினார்கள், குதித்தார்கள், கண்ணீர் விட்டார்கள். சானிங் டேட்டம் பெயருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. இல்லாத படத்துக்குக் கைதட்டியவர்கள் வாங்கிக் கொடுத்த இருக்கை அது. ஹியூ ஜாக்மன் பெயரில் நாற்காலி வரவில்லை. ஆகவே அவர் கட்டாயம் வருகிறார் என்று ரசிகர்கள் அன்றே முடிவுகட்டிவிட்டார்கள்.