ஆரும் அடிக்கலாம் காசு

ஜெர்மனியில் நியூரம்பேர்க், பிராங்பேர்ட் போன்ற பேரரசு நகரங்களுக்குச் சொந்தமாக வெள்ளிக்காசு அடிக்கும் உரிமை இருந்தது. கிடைத்த உரிமையை விடுவார்களா? ஒரு பக்கம் பேரரசரின் கழுகு, மறுபக்கம் மதில், கோபுரம், ஆறு என்று ஊர் முழுவதையும் தாலர் என்ற ஒரே வெள்ளிக்காசில் குடியேற்றினார்கள். நாணயப் பைத்தியங்கள் இன்றும் அதற்கு மல்லுக்கட்டுகின்றன.

17ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புழங்கிய லாரின் என்ற காசைப் பார்த்தால் நியூரம்பேர்க்கின் அக்கசாலையான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது வட்டமே இல்லை. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, தட்டி, முனையை வளைத்துவிட்டால் காசு! பாரசீகத்து லார் நகரம் பெயரைக் கொடுத்தது. வளைவை நம்மவர்கள் கொடுத்தார்கள். மேலே அரபு எழுத்துப் போல ஒரு கிறுக்கல். வெட்டியவருக்கே வாசிக்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மன்னாரின் பேசாலைக் கடற்கரையில் கிடந்தால் தூண்டில் முள் என்று நினைத்து இரை குத்திக் கடலில் எறிந்திருப்பார்கள்.

இந்தக் காசுக்கு நல்ல சாட்சி, மன்னார்க் கரையால் தப்பிப்போன ஓர் ஆங்கிலேயர். ரொபேர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனிடம் பத்தொன்பது வருடத்துக்கு மேல் ‘விருந்தாளி’யாக இருந்தார். மன்னர் விருந்தாளியை வைத்துக்கொள்வாரே தவிர வழியனுப்பமாட்டார். மனுசன் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கடைசியில் வியாபாரி வேடத்தில் புறப்பட்டு, அருவியாற்றோரக் காட்டால் நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில் ஏறினார். அங்கிருந்து மன்னார்க் கோட்டை, பிறகு சீமை. 1681இல் லண்டனில் புத்தகம் போட்டுவிட்டார்.

காசு எண்ணிப் பழகிய கை அல்லவா, அந்தப் புத்தகத்தில் கணக்கு சுத்தம். அரசனுடைய சொந்தக் காசின் பெயர் ‘பணம்’. பொட்டளவுதான் இருக்கும், எழுபத்தைந்து சேர்ந்தால் ஒரு ஸ்பானிய வெள்ளி. அதை வேறொருவர் அடித்தால் தலை போகும். தூண்டில் முள் மாதிரியான வெள்ளிக்காசையோ அரச அனுமதியோடு ஆரும் அடிக்கலாம், விரும்பிய முத்திரையும் குத்தலாம்! ஊரெல்லாம் அக்கசாலை என்றால் கலப்படம் பெருகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லையாம், ஸ்பானிய வெள்ளியைவிட இது சுத்தமாம். சந்தேகம் வந்தால் காசைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வராவிட்டால் அது செல்லாக்காசு. ராசாவின் மூஞ்சி, கழுகு, கோபுரம் எல்லாம் பட்டறை நெருப்புக்கு முன்னால் என்ன பெறும்? என்னைக் கேட்டால், நகரத்தையே செதுக்கிய தாலரைவிட இந்த வளைந்த கம்பிதான் கெட்டிக்காரக் காசு.

இந்தக் காசுக்கு ஆசைப்பட்டு மண்வெட்டியோடு மன்னாரின் மாந்தைப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. தற்செயலாக ஒன்று அகப்பட்டால் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நொக்ஸ் சொன்னாரே என்று அடுப்பில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.