கிங்காங்கும் அனுமாரும்

குரங்குக்குப் பலமா, மனுஷனுக்கா? இந்த வழக்கை 1920களில் ஜான் பாமன் என்ற அமெரிக்கர் கையில் எடுத்தார். விசைமானியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைக்குப் போனார். சூசெட் என்ற பெண் சிம்பன்சி கோபத்தில் ஒரு இழு இழுத்தது. 1,260 பவுண்டு! கல்லூரிக் கால்பந்துப் பையன்கள் பல்லைக் கடித்தும் 500ஐத் தாண்டவில்லை. "சிம்பன்சிக்கு ஐந்தாள் பலம்" என்ற புரளி அன்று கிளம்பியதுதான்.

1943இல் கிளென் ஃபின்ச் நிதானமாக அளந்தார். சிம்பன்சிகள் ஏறக்குறைய ஆம்பளைகள் அளவுக்கே இழுத்தன. உடம்பு சிறிது என்பதுதான் அவற்றின் பெருமை. 2017இல் தசைநாரையே ஆராய்ந்தவர்கள் சிம்பன்சித் தசைக்கு நம் தசையைப்போல 1.35 மடங்கு பலம் என்று முடித்தார்கள். சிம்பன்சித் தசையில் மூன்றில் இரண்டு பங்கு சட்டென்று வெடிக்கிற நார். நமக்குப் பெரும்பங்கு மெதுவாகச் சுருங்கி, நெடுநேரம் தாங்குகிற நார். தாதரிலிருந்து தாணே வரை லோக்கலில் ஒற்றைக்காலில் நிற்க எந்தச் சிம்பன்சிக்கு வக்கிருக்கிறது?

பம்பாய் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1950களிலேயே கிங்காங்கைக் குஸ்தி மேடையேற்றியது. ஆள் குரங்கல்ல; எமீல் சாயா என்ற ஹங்கேரிக்காரர், சுமார் 200 கிலோ. எதிரே 130 கிலோ தாராசிங். இந்தக் குஸ்தி மெட்ராஸுக்கும் போனதால், மாட்டுங்கா மாமாக்களுக்கும் தாராவி அண்ணாச்சிகளுக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை. தாராசிங் அந்த மலையைத் தலைக்குமேல் தூக்கினார். ஜனம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. முடிவு முன்கூட்டியே பேசிவைத்ததா என்று கேட்பவருக்கு அன்று டிக்கெட் வாங்கும் யோக்கியதையே கிடையாது!

பிறகு வேடிக்கை முற்றியது. 1962இல் பாபுபாய் மிஸ்திரி 'கிங்காங்' என்றே இந்திப்படம் எடுத்தார். கதாநாயகன்? தாராசிங். 1968இல் இதே பம்பாயில் லூ தெஸ் என்ற மல்லரைத் தோற்கடித்து உலகச் சாம்பியனும் ஆனார். 1987இல், அறுபதை நெருங்கும் வயதில், வால் கட்டிக்கொண்டு ராமானந்த் சாகரின் ராமாயணத்தில் அனுமாராக வந்தார். ஞாயிறு காலையில் செம்பூர் வீடுகளில் இட்லி ஆறிப்போனது. டிவிக்குச் சூடம் காட்டிய பாட்டிகளும் உண்டு.

ஆக, விஞ்ஞானத்தின் கணக்கு 1.35. பம்பாயின் தீர்ப்பு வேறு: பலத்தில் ஜெயித்தது குரங்கு, சம்பளம் வாங்கியது தாராசிங்.