விசிறிக்குக் காத்திருந்த விசிறி: தட்டைக் கட்டமும் பக்கக்காற்றும் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வென்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும் என்பார்கள். இவ்வாய்வின் கிழக்கெல்லை டென்மார்க்கின் ரோஸ்கில்டே, மேற்கெல்லை நீபோர்க். காலம் 2022 ஜூலை 2, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் கட்டம். நீளம் 202.2 கிலோமீட்டர். உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் முடிவுக்குச் சற்று முன்னே கிரேட் பெல்ட் நீரிணையின் மேல் 18 கிலோமீட்டர் கடற்பாதை. அந்தப் பதினெட்டுக்காகத்தான் மற்றதெல்லாம்.

முன்னாய்வுகள்: உண்டு. அனைத்தும் முந்தின இரவு எழுதப்பட்டவை. மறுநாள் மாலை அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இனிச் சொல்லாராய்ச்சி. பக்கக்காற்றில் வீரர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்வாக அணிவகுப்பதை டச்சுக்காரர்கள் ‘வாயர்’ என்கிறார்கள். ஸ்பானியர்கள் ‘அபானிகோ’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் விசிறி. பிரெஞ்சுக்காரர்கள் ‘போர்துயூர்’ என்பார்கள், அதாவது ஓரம். இடம் கிடைக்காதவன் ஒதுங்கும் இடம் அது. பெயர் வைத்தவன் அங்கே ஒருநாள் கிடந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘எஷலான்’. இது ‘ஏறி நில்லான்’ என்பதன் மரூஉ என்று நிறுவ எனக்கு மூன்று பக்கம் போதும். யாராவது முன்பே நிறுவி முனைவர் பட்டமும் வாங்கியிருப்பார்களோ என்ற அச்சத்தால் விடுகிறேன். தமிழில் விசிறி என்றால் வீசுகிற பொருளும் அதுதான், வாயைப் பிளந்து பார்க்கிற ஆளும் அதுதான். ஒரு விசிறி இன்னொரு விசிறிக்காக மூன்றரை ஆண்டு காத்திருந்த வரலாறே இக்கட்டுரை. மூன்றரை என்பது மிகையன்று. டென்மார்க்கில் தொடங்கும் என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2021இல் வந்திருக்க வேண்டியது, ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி தள்ளிப்போனதால் இன்னும் ஓராண்டு தள்ளிப்போனது. கடல் இருந்தது, பாலம் இருந்தது, காற்று மட்டும் வர வேண்டும்.

காற்று மூவகைப்படும். பின்காற்று: எல்லோருக்கும் மகிழ்ச்சி. எதிர்காற்று: எல்லோருக்கும் தூக்கம். மூன்றாவதான பக்கக்காற்றுக்கே இலக்கணம் தேவை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, ஒட்டிப் பின்னால் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும். காற்று பக்கவாட்டில் வந்தால் மறைவிடம் நேர் பின்னால் இராது, சாய்வாகப் பக்கத்தில் போய்விடும். அடுத்தவர் அங்கே போவார், அவருக்கடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார், சாலை தீர்ந்துவிடும். பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பந்தியில் இலை. மீதிப் பேர் ஓரத்து வெள்ளைக் கோட்டில் ஒற்றை வரிசையில் நாக்குத் தள்ள ஓடுவார்கள். எங்கோ ஒருவர் அரை நொடி தளர்வார். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அன்றைக்கு வேறு பந்தயத்தில் இருக்கிறார்கள்.

இதை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தோம். கூடத்து டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தோம். முதலில் சித்தப்பா, அவருக்குச் சாய்வாகப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அண்ணன் மகன். சித்தப்பாவின் அகலத்தில் எங்கள் இருவருக்கும் பொட்டுக் காற்று இல்லை. வியர்த்துக் கொட்டியது. ஐரோப்பாவில் இந்த இடத்துக்காகத்தான் முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள் என்றேன். பையன் எழுந்து ஃபேனுக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டான் (காண்க: அண்ணன் மகன், தரை, மாலை 6 மணி).

வரலாற்றுச் சான்றுகள். 2013 டூர் டி பிரான்ஸில் தூர் நகரிலிருந்து செந்த்-அமான்-மோன்ரோன் வரை 173 கிலோமீட்டர், சப்பாத்தி போல் தட்டை. ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடத்தில் இருந்த வல்வெர்டேயின் சக்கரம் காற்று நாளில் கெட்டது. அன்று மாலைக்குள் ஏறக்குறைய பத்து நிமிடம் போயிற்று. முதலிடத்தில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர் ஃப்ரூமே கடைசியில் ஒரு வெட்டில் சிக்கி, கொன்டடோரிடம் 1 நிமிடம் 9 நொடி இழந்தார். 2020இல் லவோருக்குப் போகும் வழியில் போகச்சார் 1 நிமிடம் 21 நொடி இழந்தார். ஆனால் பாரிசில் 59 நொடி வித்தியாசத்தில் பட்டம் வென்றவர் அவரே. இந்தச் சான்று என் கோட்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராத சான்றை அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் புதைப்பது மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லாததால் இங்கேயே விட்டுவிட்டு நகர்கிறேன்.

இவ்வாய்வின் உயிர்நாடி கொடியியல். பந்தயம் பார்க்கிறவர் வீரர்களைப் பார்க்கிறார் என்று நினைப்பது பாமரக் கருத்து. கற்றவர் பார்ப்பது சாலையோரக் கொடிகளை. கூடாரக் கொடி, வேன் மேல் கட்டிய கொடி, குழந்தை கையில் பிடித்த கொடி என அது முத்திறப்படும். குழந்தைக் கொடியைச் சான்றாக ஏற்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குழந்தை ஆட்டுகிறது, காற்று ஆட்டவில்லை என்பார் ஒரு சாரார் (சித்தப்பா, ஈசிசேர், முதற்பதிப்பு). குழந்தையின் கை ஓய்ந்த கணத்தில் துணி எப்பக்கம் விழுகிறதோ அதுவே காற்றின் திசை என்பார் மற்றொரு சாரார் (சித்தப்பா, மேலது, காபிக்குப் பின் திருத்திய பதிப்பு). இரண்டுமே தவறு, ஹெலிகாப்டர் தாழப் பறந்ததால் ஆடிய கொடி அது என்பது மூன்றாம் கொள்கை (சித்தி, சமையலறை, வாய்மொழி வழக்கு, இதனை மறுத்துச் சித்தப்பா எழுதிய கண்டனம் குக்கர் விசிலில் சிதைந்து கிடைக்கவில்லை). மூவரும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. கொடி நிற்கிறது, வீரர் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். கொடிக்கு நேர்ப் பக்கமாக வரும் காற்று அவர் முகத்துக்கு முன்சாய்வாகத்தான் வந்து சேரும். இதை விளக்க நான் கூடத்தில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த ஆய்வுமுறை எங்கள் வீட்டில் அங்கீகரிக்கப்படவில்லை.

திசையைத் தமிழ் மரபில் வைத்துப் பார்க்கலாம். பாலம் ஏறக்குறைய மேற்கு நோக்கிப் போகிறது. ஆகவே வாடை அடித்தாலும் பக்கக்காற்று, தென்றல் அடித்தாலும் பக்கக்காற்று. தென்றல் வந்தால் 176 வீரர்களும் துண்டு துண்டாவார்கள் என்பது இவ்வாய்வின் மறுக்கவொண்ணா முடிபு. தென்றலை நிலவோடும் காதலோடும் மட்டுமே கட்டிப்போட்ட பேராசிரியர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும். கொண்டல் வந்தால் பின்னாலிருந்து தள்ளும். மேற்கிலிருந்து கோடை வந்தால் முகத்தில் அடிக்கும், கதை முடிந்தது.

கோடைதான் வந்தது.

அந்தக் கடற்பாதையின் கிழக்குப் பாலத்தின் தூண்கள் 254 மீட்டர் உயரம், இரண்டு தூண்களுக்கு நடுவே 1,624 மீட்டர் தொங்குபாலம். அதன் மேல் பெலோட்டான் எனும் வீரர் திரள், தேர்த்திருவிழாக் கூட்டம் போலச் சாலை முழுதும் அடைத்துக்கொண்டு, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. முன்னே வந்து உழைக்க யாருக்கும் மனமில்லை. மஞ்சள் சட்டையில் இருந்த லாம்பார்ட் பாலத்திலேயே விழுந்தார். பக்கக்காற்று நாளாக இருந்தால் அவர் கதி வல்வெர்டேயின் கதி. அன்றோ எழுந்தார், ஏறினார், திரும்பிச் சேர்ந்துகொண்டார். நீபோர்க்கில் கூட்டமாய் வேகமெடுத்து யாகோப்சன் வென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போலந்தில் விழுந்து உயிருக்குப் போராடியவர். அன்றைய நாளில் காற்றைப் பற்றி அல்லாமல் பேசத்தக்க ஒரே செய்தி அதுதான். அதைப் பேசத்தான் ஆளில்லை, எல்லோரும் கொடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கருதுகோள் பொய்த்ததா என்று கேட்பவர் ஆய்வுலகம் அறியாதவர். ‘விசிறி விரிந்தே தீரும்’ என்று முந்தின இரவு எழுதியவர்கள், பாலம் முடிவதற்குள் ‘விசிறி விரியாது என்பதற்கான கூறுகள் அப்போதே தென்பட்டன’ என்று எழுதிவிட்டார்கள். ஒரு நூலின் காலத்தை இருநூறு ஆண்டு முன்னே இழுத்தவர், அடுத்த கருத்தரங்கில் முந்நூறு ஆண்டு பின்னே தள்ளிவிட்டு இரண்டுக்கும் பயணப்படி வாங்குவதில்லையா? காற்று அம்மட்டுக்கா மாறிவிட்டது.

இரவுச் சாப்பாடு ஆயிற்று. மறுநாள் வைலேயிலிருந்து சோண்டர்போர்க் வரை 182 கிலோமீட்டர், அதுவும் தட்டை. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காற்று வரைபடத்தைத் திறந்தார். “டேய், இங்க வா, அம்புக்குறியைப் பாரு” என்றார். “பக்கவாட்டுலதான்டா இருக்கு!”