கிணற்றுக் குளியலால் தொப்பை கரையுமா? ஓடைப்பட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்து ஓடைப்பட்டியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் திராட்சையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விதையில்லாத் திராட்சை, பந்தல், கவாத்து, கிலோ என்ன விலைக்குப் போனது. அந்தத் திராட்சையைத் தின்று வளர்ந்த தொப்பைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வுச் சிக்கல் எழுந்த இடம், தோட்டத்து மோட்டார் ரூம் வாசல். ஆய்வாளரின் மச்சினன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, பச்சத் தண்ணியில குளிச்சா கொழுப்பு கரையுதாம். நாளையிலருந்து வாக்கிங் வேணாம், கெணத்துல எறங்குனாப் போதும்" என்றான். "வாக்கிங் வேணாம்" என்ற இரண்டு சொற்களுக்காகவே இந்தக் கருதுகோளை ஆய்வாளர் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டார். பிறகுதான் சான்று தேடத் தொடங்கினார். முனைவர் பட்டங்களும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன என்று கேள்வி.

முதலில் சொல்லாராய்ச்சி. உடலைக் குளிர்விப்பதால்தான் அது குளியல் என்று மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். முத்துக் குளிப்பவர்கள் உடம்பைக் குளிர வைக்கவா கடலில் இறங்கினார்கள்? அங்கே குளித்தல் என்றால் மூழ்குதல். ஆகவே வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்வோர் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். சித்த மருத்துவத்தின் பதார்த்த குண சிந்தாமணி ஆற்று நீர், அருவி நீர், சுனை நீர் என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்கிறது. எந்த நீருக்கு எத்தனை கலோரி என்பதைப் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவைத்த அதன் பெருந்தன்மைக்கு இங்கே நன்றி.

குளிரையும் உடற்சூட்டையும் முடிச்சுப் போட்டு அளந்த முன்னோடிகள் பிரான்சின் லவாய்சியரும் லாப்லாஸும். 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதும் ஒன்றே என்ற முடிவு அதிலிருந்து வந்தது. பன்றி இளைத்ததா என்பது அவர்களுடைய கேள்வி அல்ல, நம்முடையது.

மச்சினன் ஒரு கணக்கோடு வந்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி, அதாவது நாம் சாப்பாட்டில் எண்ணுகிற ஒரு கலோரி, வேண்டும். கிணற்றில் எப்படியும் ஒரு லட்சம் லிட்டர் கிடக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் லட்சம் கலோரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக ஒரே முங்கில் 13 கிலோ அவுட். பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. கிணற்றை ஒரு டிகிரி சூடாக்க மச்சினனால் ஆகாது என்பது ஒன்றுதான் இடிக்கிறது.

உடம்பு அப்படிப்பட்ட ஊதாரி அல்ல. அது ஓர் அசல் வட்டிக்கடைக்காரர். குளிர்ந்த நீர் பட்டதும் அது செய்கிற முதல் வேலை அடுப்பை மூட்டுவது அல்ல, கதவைச் சாத்துவது. தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பூட்டிவைக்கிறது. அதற்கும் அடங்காத குளிராக இருந்தால்தான் பெட்டியைத் திறக்கும். தசைகள் நடுங்கும், கலோரி எரியும். பழுப்புக் கொழுப்பு என்ற இன்னொரு அடுப்பும் உண்டு. சரியாக நடுங்கத் தெரியாத பச்சைக் குழந்தைகள் அதை எரித்துத்தான் சூடு காக்கின்றன. பெரியவர்களின் கழுத்திலும் காறையெலும்பை ஒட்டியும் அது இருந்து வேலை செய்வதை 2009-இல் ஒரே மருத்துவ இதழில் வந்த மூன்று கட்டுரைகள் உறுதிசெய்தன. கொழுப்பைக் கரைக்க ஒரு கொழுப்பு என்றதும் மச்சினன் துள்ளினான். அது இருக்கும் அளவே கொஞ்சம், வெளியே குளிர் கூடக்கூடத்தான் ஸ்கேனில் தட்டுப்படுகிறது என்றதும் அடங்கினான். ஓடைப்பட்டியின் சித்திரை வெயிலில் அது எந்த மூலையில் சுருண்டு படுத்திருக்குமோ.

எவ்வளவு குளிர் வேண்டும்? செக் நாட்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இளைஞர்களைக் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். 32 டிகிரி நீரில் உடம்பின் எரிப்பு வேகம் மாறவே இல்லை. 20 டிகிரியில் 93 விழுக்காடு கூடியது. 14 டிகிரியில் 350 விழுக்காடு.

இனி நம் கிணறு. நிலத்தடி நீரின் வெப்பம், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை மதியத்தில் சில்லென்றும் இருப்பது இதனால்தான். மாறுவது காற்று, கிணறு அல்ல. துல்லியத்துக்காக வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். அது 35 டிகிரிக்குக் கீழே படிக்காது. கிணற்றுக்குக் காய்ச்சல் இல்லை என்பது உறுதியாயிற்று.

ஓடைப்பட்டி கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலுக்கு அந்தத் தண்ணீர் இருபதுகளின் நடுவுக்குக் கீழே இறங்க வாய்ப்பில்லை. தாராளமாக 20 என்றே வைத்துக்கொள்வோம். 70 கிலோ ஆள் சும்மா இருந்தாலே மணிக்குச் சுமார் 70 கலோரி எரிப்பார். கிணற்றில் ஒரு மணி நேரம் ஊறினால் கூடுதலாக 65. இதை உள்ளூர் அலகுக்கு மாற்றினால் நூறு கிராம் திராட்சைகூட வரவில்லை. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்பாருக்கும் ஒரு சொல்: அரை லிட்டரை 4 டிகிரியிலிருந்து உடற்சூட்டுக்கு ஏற்ற 16 கலோரி சொச்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும், வெயிலில் வியர்த்து நிற்கும் உடம்பு ஏற்கெனவே வெளியே தள்ளத் தவிக்கும் சூட்டையே அந்தத் தண்ணீரின் தலையில் கட்டிவிடும்.

விவாதம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தா குறுக்கிட்டார். "எருமை நாளு முழுக்கத் தண்ணியிலதான கெடக்கு. எளச்சா போச்சு?" இத்தனை பெரிய ஒப்பீட்டுக் குழு கண்ணெதிரே கம்மாயில் கிடந்தும் நமக்குத் தோன்றவில்லையே என்று ஆய்வாளர் தலை குனிந்தார். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. தேவைக்கு மேலான சூட்டைத் தொலைக்கத்தான் அது தண்ணீருக்குப் போகிறது, கொழுப்பைத் தொலைக்க அல்ல. சித்திரை மதியத்தில் கிணற்றில் குதிக்கிற நாமும் அதையேதான் செய்கிறோம். எதிர்த்தரப்புச் சாட்சியாக மச்சினன் கிணற்றுத் தவளையைக் காட்டினான், ஒல்லியாகத்தான் இருந்தது. ஆனால் அது குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் எரிப்பு வேகம் குறையும். சாட்சி தள்ளுபடி.

சில்லிடும் தண்ணீர்தான் வேண்டுமென்றால் மேகமலைத் தொடரிலிருந்து விழும் சுருளி அருவிக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். போனால் நடப்பதைத்தான் இந்த ஆய்வு இதுவரை சொல்லாமல் ஒத்திப்போட்டு வந்தது. 2005-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 11 ஆண்களைத் தண்ணீருக்குள் 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், ஒருமுறை 33 டிகிரி நீரில், ஒருமுறை 20 டிகிரி நீரில். எரிந்தது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே: 505, 517. கரையேறியபின் வேண்டியதைச் சாப்பிடச் சொன்னார்கள். வெதுவெதுப்பில் மிதித்தபோது 608 கலோரி தின்றவர்கள், குளிரில் மிதித்தபோது 877 கலோரி தின்றார்கள். 12 கலோரி கூடுதலாக எரித்துவிட்டு 269 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இதற்குப் புளோரிடா வரை போயிருக்க வேண்டாம். அருவியில் நின்று பல் கிட்டிப்போய்த் தலை துவட்டாமல் வருகிற எவரையாவது ஒரு பஜ்ஜிக் கடை முன்னால் நிறுத்திப் பார்த்திருந்தாலே போதும்.

ஆக, எடைக் குறைப்பில் ஓடைப்பட்டியில் மெய்ப்பிக்கப்பட்ட முறை கவாத்து ஒன்றுதான், அதுவும் கொடிக்கு.

இருந்தாலும் களப்பணி இல்லாமல் கட்டுரை நிறைவு பெறாது என்பதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளரும் மச்சினனும் காலை ஒரு மணி நேரம் கிணற்றில் கிடந்தார்கள். உதடு நீலம் பாரிக்கவில்லை, விரல் நுனிகள் மட்டும் சுருங்கின. வீடு வந்ததும் அப்பத்தா இட்லியும் கறிக்குழம்பும் வைத்தார். இட்லிகளை எண்ணும் பொறுப்பு மச்சினனுக்கு. ஏழு வரை கோடு போட்டவன் அதன்பின் தாளைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடா மாப்ள, எழுதலையா?"

"கை குழம்பா இருக்கு மாமா. நீங்க ஞாபகம் வச்சுக்கங்க."

அப்பத்தா இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்றார். தரவு போதவில்லை, வையுங்கள் என்றார் ஆய்வாளர்.